சாய்ந்த கம்புகள்

பிப்ரவரி 3, ஞாயிறு

மகள் காட்டுக்குள் ஏதோ சிற்பம் செய்கிறாளே என்று பார்க்கப் போனேன். வழியிலேயே ஆள் உயரத்துக்கு மண்ணால் ஒன்று நின்றது. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பூச்சு வேலை பிரமாதம்மா, நான்கூட இவ்வளவு மழமழன்னு பூசினதில்ல" என்றேன்.

"அப்பா, அது கரையான் புத்து."

முப்பது வருஷம் கொத்தனாராகக் குப்பை கொட்டியவன். கரையானிடம் தோற்றேன்.

4, திங்கள்

அவள் வேலை இன்னும் உள்ளே. விழுந்து கிடக்கும் கம்புகளைப் பொறுக்கி, மரத்துக்கு ஒன்றாகப் பக்கத்தில் நடுகிறாள். ஓடை வரைக்கும் வரிசை. ஆணி, கயிறு கூடாது. மழையில் மக்கிப் போகும். மக்கத்தான் செய்கிறாளாம்! அடுத்த ஞாயிறு ஆட்கள் பார்க்க வருகிறார்கள்.

குழி தோண்ட ஆள் வேண்டும் என்றாள். வேலையை விட்டு வீட்டில் கிடப்பவனுக்கு வேறென்ன வேண்டும்? கடப்பாரையைத் தேடினேன்.

"கல்யாணத்தன்னைக்குக்கூட இந்த முகத்துல இவ்வளவு வெளிச்சம் இல்ல" என்றாள் பொண்டாட்டி.

6, புதன்

தோண்டினேன். தின்றேன். தூங்கினேன்.

7, வியாழன்

கெடுத்துவிட்டேன்.

அவள் கம்பு பொறுக்கப் போனாள். பார்த்தால், நட்டதெல்லாம் கோணல். கை சும்மா இருக்குமா? சுவருக்கு நேர் பார்க்கும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூல் பிடித்த மாதிரி ஒவ்வொன்றாக நிமிர்த்தி, மண்ணை மிதித்து இறுக்கினேன். போலீஸ் அணிவகுப்பு தோற்றது போங்கள்.

வந்தாள். கையிலிருந்த கம்புகளைக் கீழே போட்டாள்.

"என்னப்பா பண்ணீங்க?"

"கோணலா இருந்துச்சு, நேராக்கிட்டேன்."

"மரம் எப்படிச் சாஞ்சிருக்கோ அப்படித்தாம்ப்பா கம்பும். அதுதான் வேலையே!"

கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "நீங்க வீட்டுக்குப் போங்க" என்றாள், அவ்வளவுதான்.

போடா கிழவா, இனிமே உன்னை யாரு கூப்பிடுவா?

8, வெள்ளி

நான் எழுவதற்குள் கிளம்பிவிட்டாள். டீ குடித்த டம்ளர் மட்டும் தொட்டியில்.

9, சனி

கூப்பிடாமலே போனேன். தனியாகப் பிடுங்கிப் பிடுங்கி நட்டுக்கொண்டிருந்தாள். பாதிகூட முடியவில்லை.

ஒரு மரத்தில் தூக்குக்குண்டைப் பிடித்தேன். நூல் மரத்தை விட்டு எத்தனை விரல் விலகுகிறது என்று பார்த்தேன். கம்பையும் அதே அளவுக்குச் சாய்த்தேன்.

"நாலு விரல். ஓடைப் பக்கம்."

ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். "அடுத்த மரம்?" என்றாள்.

கோணலை ஒழிக்கவே பிடித்த குண்டு. கோணலைக் காப்பாற்றவும் உதவும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. இருட்டுவதற்குள் முடித்தோம்.

10, ஞாயிறு

வந்தவர்கள் சத்தமில்லாமல் நடந்தார்கள். ஒருத்தர் கம்பில் பையை மாட்டப் போனார் — முறைத்தேன், எடுத்துவிட்டார்.

"உங்களுக்கு உதவி யாரு?" என்று ஓர் அம்மாள் கேட்டார்.

"எங்கப்பா. கெடுத்ததும் அவர்தான், சரி பண்ணினதும் அவர்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாள்: "அடுத்தது வேற காடுப்பா, ரொம்ப தூரம். ஒரு மாசம் அங்கேயே தங்கணும்."

"குழி தோண்ட?"

"கூப்பிட்டவங்களே ஆள் தர்றாங்க."

"அப்ப நல்லதாப் போச்சு" என்றேன்.

என்னையும் கூட்டிட்டுப் போம்மா — இதைச் சொல்லவில்லை.