சாக்கோடு போன சங்கத் தலைவர்

தேவிபட்டினம்
சித்திரை மாதம், 1965

அன்பு மகள் சேதுலட்சுமிக்கு அய்யா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். இத்தனை மாதமாக இதை வழக்கத்துக்காக எழுதி வந்தேன். இன்றைக்கு நிஜமாகவே எழுதுகிறேன். மதுரையில் உன் நர்ஸ் படிப்பு எப்படிப் போகிறது? விடுதிச் சாம்பாரில் பருப்பு போடத் தொடங்கிவிட்டார்களா?

முதலில் என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா எழுதினால் கூட்டி எழுதுவாள். ராமநாதபுரத்தில் டாக்டர் குருநாதன் என்பவர் புயலில் அடிபட்ட ஆண்களை ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டிவைத்துப் பேசச் சொல்கிறார், தம்பியை அழைத்துப் போங்கள் என்று தை மாதம் எழுதியிருந்தாய் அல்லவா? நான் படித்த எட்டாங்கிளாசுக்குப் புயல், கூட்டம் என்றதும் நிவாரண அரிசி என்றுதான் புரிந்தது. ஒரு கோணிச் சாக்கை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் நின்றேன். பள்ளிக்கூட அறையில் சின்னப்பிள்ளைகள் பெஞ்சை வட்டமாகப் போட்டு, முழங்கால் மோவாயில் இடிக்கப் பத்துப் பன்னிரண்டு ஆம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் கீழக்கரை சங்கு வியாபாரி ஹாஜா முகைதீன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏண்ணே, கவலைய அள்ளிட்டுப் போகவா சாக்கு?" என்றார். டாக்டரே சிரித்துவிட்டார்.

உன் தம்பி பூமிநாதனை அழைத்துப் போன விதமும் அப்படித்தான். அவன் கிடந்த கிடை உனக்குத் தெரியும். தனுஷ்கோடி ஸ்டேஷனில் போர்ட்டராக இருந்த பிள்ளை, புயல் ராத்திரியில் மணல்மேட்டில் ஏறித் தப்பி வந்தான். வந்த நாளிலிருந்து பேச்சில்லை. ராமேஸ்வரத்தில் வேலை போட்டு ரயில்வேயிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. சித்திரைக்குள் சேராவிட்டால் வேலை இல்லை. சேர வேண்டுமானால் பாம்பன் பாலத்தைத் தாண்ட வேண்டும். பாலத்தைப் பழுது பார்த்து ரயிலும் விட்டாயிற்று. ஆனால் இவன் பாலம் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து உள்ளே போய்விடுவான். அதனால், நோயாளி நான்தான், எனக்கு முட்டுவலி, நீ சைக்கிளை மிதி என்று சொல்லி அழைத்துப் போனேன். சைக்கிள் கடைக்காரனுக்குச் சைக்கிள் மிதிக்க முடியவில்லை என்றால் யார் நம்புவார்கள்? அவனும் நம்பவில்லை. ஆனாலும் வந்தான். வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டான்.

டாக்டர் வைத்த சட்டம் ஒன்றுதான். அவரவர் மனதில் உள்ளதைச் சொல்லலாம், யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது. நம் ஆட்களுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? சொல்லிவிட்டு, யாரோ நோயாளி வந்திருக்கிறார் என்று அவர் வெளியே போனார். திரும்பி வருவதற்குள் நாங்கள் ஒரு சங்கம் அமைத்துவிட்டோம். பெயர், கடலோர ஆடவர் நலச் சங்கம். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னைத் தலைவராக்கினார்கள். ஹாஜா முகைதீன் செயலாளர். நம்மூர் வலைக்காரர் இருளாண்டி பொருளாளர். பொருள் ஏதும் இல்லாததால் அவருக்குக் கஷ்டமில்லை. மேசையும் சோடாவும்கூட வந்துவிட்டன. வட்டமாக உட்கார்ந்தால் தலைவர் எந்தப் பக்கம் என்பதில்தான் கொஞ்சம் தகராறு.

அதன்பிறகு வாராவாரம் சொற்பொழிவுதான். ஹாஜா முகைதீன் எழுந்து, ஒரு பெண்பிள்ளைகூட இல்லாத அறையில் "தாய்மார்களே" என்று தொடங்குவார். அலையைக் கண்டு அஞ்சாதவன் தமிழன் என்பார். எல்லோரும் கை தட்டுவோம். தலைவர் முடிவுரையில் நான் அதையே இன்னும் நீட்டிச் சொல்வேன். டாக்டர் பாவம், மேசையை வெளியே எடுத்துப் போடுவார். அடுத்த வாரம் நாங்கள் உள்ளே எடுத்துப் போடுவோம். அவர் கோபிக்கவே இல்லை. பேசி முடித்தபின் ஒவ்வொருவரையும் பார்த்து, "நேத்து நல்லாத் தூங்குனீங்களா?" என்று மட்டும் கேட்பார். நாங்கள் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவோம்.

பங்குனிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஹாஜா முகைதீன் வழக்கம்போல அஞ்சாமையைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார். அப்போது வாசற்படியிலிருந்து ஒரு குரல் கேட்டது. முதலில் யாரென்றே எனக்குப் பிடிபடவில்லை, அவ்வளவு நாளாயிற்று அந்தக் குரலைக் கேட்டு.

"எனக்குப் பயமா இருக்கு."

உன் தம்பிதான். நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பாலம் என்றாலே எழுந்து ஓடத் தோன்றுகிறது, அன்றைக்குத் தண்ணீரிலிருந்து கூப்பிட்டவர்கள் குரல் இன்னும் காதில் கேட்கிறது, தண்ணீரைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது என்றான்.

ஹாஜா முகைதீன் தூக்கிய கையை இறக்க மறந்து நின்றார். பிறகு மெல்ல உட்கார்ந்து, "எனக்கும்தான் தம்பி" என்றார். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் ஒளு செய்யத் தொட்டித் தண்ணீரில் கை வைத்தால் நடுங்குகிறதாம். பார்ப்பவர்கள் வயசு என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாராம். அடுத்து இருளாண்டி. தினமும் விடியலில் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு போகிறாரே, புயலுக்குப் பிறகு ஒருநாள்கூட வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கவில்லையாம். தாழம்புதருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, மீன் படவில்லை என்று வீட்டில் போய்ச் சொல்வாராம். "எம் பொண்டாட்டி கடலை வையிறா. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார். ஒவ்வொருவராக எல்லோரும் சொன்னார்கள். என் முறை வந்தபோது, தலைவர் என்ற ஹோதாவில், நேரமாகிவிட்டது, கூட்டம் இத்துடன் நிறைவுறுகிறது என்று சொல்லிவிட்டேன்.

அம்மா சேது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. மீசை வைத்த அத்தனை ஆம்பளைகள் இருந்த சபையில் அந்தச் சொல்லை முதலில் சொன்னவன் என் மகன். அன்று திரும்பும்போது நான் சைக்கிளை மிதித்தேன், அவன் பின்னால் உட்கார்ந்து வந்தான். முட்டுவலி எங்கே போச்சு அய்யா என்று கேட்டான்.

போன திங்கள்கிழமை அவனை வேலைக்குக் கொண்டுபோய்விட்டோம். சங்கமே கூட வந்தது. அந்தச் சாக்கும் கடைசியில் அரிசியைக் கண்டது. உன் அம்மா அவனுக்குக் கட்டிக் கொடுத்தாள். பாலத்தின்மேல் ரயில் ஊர்ந்து போனபோது இரண்டு பக்கமும் தண்ணீர். பூமிநாதன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, பயமா இருக்கு என்றான். எனக்கும் என்றார் ஹாஜா முகைதீன். எனக்கும் என்றார் இருளாண்டி. எதிரில் இருந்த யாத்திரைக்காரர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்கள். அவன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். எஞ்சின் கரி கண்ணில் விழுந்துவிட்டது என்று சொல்லித் துண்டால் துடைத்துக்கொண்டேன். பாலம் முடிந்து மணல் தெரிந்ததும் அவன் கம்பியை விட்டுவிட்டு, இருளாண்டியிடம் வெற்றிலை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான்.

வேலையில் சேர்ந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். மேசையை இப்போது யாரும் உள்ளே எடுத்துப் போடுவதில்லை. போன வாரம் இருளாண்டி வள்ளத்தை இறக்கினார், அவர் வீட்டிலிருந்து குழம்புக்கு நகரை மீன் வந்தது.

இதெல்லாம் நீ எழுதிய நாலு வரியால் வந்தது. பஞ்சர் ஒட்ட வருகிறவனிடம்கூட என் மகள் நர்ஸுக்குப் படிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒட்டி முடித்தாலும் அவனை விடுவதில்லை. உன்னிடம் வருகிற நோயாளிகள் எல்லோரும் நடந்து வீடு போக வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு
உன் அய்யா
நாகநாதன்

கடிதத்தை மடித்துவிட்டு மறுபடி பிரித்தேன். பாலத்தில் என் கண்ணில் கரி எதுவும் விழவில்லை அம்மா. எனக்கும்தான்.