சல் ஜாயேகா என்றால் ஓடுமா

நவம்பர் 8, சனி

புகை. எதிர் பிளாக்கின் மொட்டை மாடி தெரியவில்லை. தொண்டை கரகரப்பு. கேஸ் புக் செய்ய வேண்டும். மகள் யாழினியின் ஸ்கூல் ஷூ வாயைப் பிளந்துவிட்டது, புதுசு வாங்க வேண்டும்.

காலையில் தம்பி போன், ஊரிலிருந்து லாரியோடு தில்லி வந்திருக்கிறான். ஜவ்வரிசி லோடு இறக்கியாகிவிட்டது. திங்களன்று ஆசாத்பூர் மண்டியில் ஆப்பிள் ஏற்றிக்கொண்டு ஊருக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் லாரி மக்கர்.

"டர்போ போயிருச்சுக்கா. மேடு ஏறவே மாட்டீங்குது. ஆயிலக் குடிச்சுட்டு நீலமாப் பொகை உடுது."

தில்லியில் இருக்கிற புகை போதாதென்று இவன் பங்கு வேறு.

அவனுக்குத் தெரிந்தது ரோட்டு ஹிந்தி. டீசல், ரொட்டி, எவ்வளவு, எந்தப் பக்கம். பேசுவதெல்லாம் கூட வரும் டிரைவர் சண்முகம். அவருக்குக் காய்ச்சல், நாக்பூரிலேயே ரயிலேற்றி அனுப்பிவிட்டான். ஆகவே நான். லோதி ரோடு ஆபீஸில் பென்ஷன் ஃபைல் தள்ளுகிறவள் லாரிக்கு டர்போ வாங்கித் தர வேண்டும். விளங்கினாற்போலத்தான்.

நெட்டில் பார்த்தேன். சூப்பர்சார்ஜர் என்று தேடினால் ரேஸ் கார் வருகிறது. அது பெல்ட்டில் ஓடுவதாம். டர்போ, எஞ்சின் விடும் புகையின் வேகத்திலேயே சுற்றுகிற விசிறியாம். இரண்டுமே எஞ்சினுக்குக் காற்றை அமுக்கி ஊட்டுவதற்கு. 'நம்பகமானதைத் தேர்ந்தெடுக்கவும்' என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறான். எதைப் பார்த்து நம்புவது என்று ஒருவனும் போடவில்லை.

மதியம் இருவரும் காஷ்மீரி கேட், உதிரிபாகக் கடைத்தெரு. சந்துக்குள் சந்து. முதல் கடைக்காரர், "யஹீ ஒரிஜினல் ஹை, பாக்கி சப் டூப்ளிகேட்." இதுதான் அசல், மற்றதெல்லாம் போலி. இரண்டாவது கடையிலும் அதே வாக்கியம், வேறு டர்போ. பெட்டியில் மினுமினுக்கும் ஸ்டிக்கரைக் காட்டி மூன்றாமவர் சத்தியம் செய்தார். வெளியே வந்தால் அடுத்த கடையில் அதே பெட்டி, அதே ஸ்டிக்கர், உள்ளே ஒன்றுமில்லாமல் கூரை வரை அடுக்கியிருக்கிறது. வெறும் பெட்டி விற்கிற கடை!

தம்பி சிரித்தான். எனக்கு அழுகை வந்தது. வாங்காமல் திரும்பினோம்.

கேஸ் புக் செய்யவில்லை. ஷூவும்.

நவ. 9, ஞாயிறு

குளிர். டிரான்ஸ்போர்ட் நகர். (டி.நகர் என்று சுருக்கி எழுதினால் புடவைக்கடை ஞாபகம் வருகிறது.)

மெக்கானிக் ஒரு வயதான சர்தார்ஜி. டர்போவைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு விசிறியை ஆட்டிக் காட்டினார். விழப்போகிற பல் மாதிரி ஆடியது. நானும் குனிந்து பார்த்துத் தலையாட்டினேன். என்ன புரிந்தது என்று கேட்டால் ஒன்றுமில்லை.

அவர் சொன்னது:
- இந்தப் பழைய மாடலுக்குக் கம்பெனி டர்போ ஆர்டர் போட்டால் பத்து நாளாவது ஆகும்.
- லோக்கல் புதுசு. பளபளப்பு. அவருக்கே பிடிக்கவில்லை.
- இன்னொரு லாரியில் கழற்றியது. உள்பாகம் மாற்றி அவரே சரிசெய்து வைத்திருக்கிறார்.

பத்து நாள் ஆப்பிள் காத்திருக்காது. இந்த லோடு கைவிட்டுப் போனால், புகைக்காக லாரிகளைத் தடுக்கிற இந்த நேரத்தில் தில்லியில் எங்கே எத்தனை நாள் நிறுத்தி வைப்பார்களோ. ஆனால் தப்பான டர்போ வழியில் உடைந்து துண்டு எஞ்சினுக்குள் போனால் எஞ்சினே காலி என்று படித்திருக்கிறேன். அவனுக்கு இருப்பது இந்த ஒரு வண்டி. வழியில் கொள்ளைக்காரர்களுக்குப் பேர்போன சம்பல் பக்கமெல்லாம் இருக்கிறது. தனி ஆள்.

சரிசெய்த டர்போவைக் காட்டி, ஊர் வரை தாங்குமா என்று கேட்டேன். சர்தார்ஜி அதைத் துணியால் துடைத்தார். "சல் ஜாயேகா, பெஹன்ஜீ."

தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்னங்கறாரு?"

"ஓடும்ங்கறார்டா."

"அப்பறம் என்னக்கா. மாட்டச் சொல்லு." முகம் தெளிந்துவிட்டது. முந்தா நாளிலிருந்து தூங்கவில்லை போலிருக்கிறது. எனக்கு ஒரு பை நிலக்கடலை கொடுத்தான், ஊரில் இருந்து எடுத்து வந்தது.

நவ. 10, திங்கள்

ஆபீஸ். கண் எரிச்சல். டர்போ மாட்டியாகிவிட்டது என்று தம்பியின் மெசேஜ்.

மாலை யாழினி ஷூவின் வாயில் கோந்து வைத்து, மேலே ஓர் அகராதியை ஏற்றி நிறுத்திக்கொண்டிருந்தாள். ஐயோ, வாங்க மறந்துவிட்டேன் என்றேன்.

"கோயி பாத் நஹீ மா, பரவால்ல. சல் ஜாயேகா."

கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டேன்.

"யாழினி, அப்படின்னா என்ன?"

"என்னம்மா, யூ நோ. எப்டியாவது அட்ஜஸ்ட் ஆயிடும்."

"ஓடும்னு இல்லையா?"

"ஷூ எங்கம்மா ஓடும்?"

தெரியாதா எனக்கு? காய்கறி விற்கிற பையாவிடம் வாடின கொத்தமல்லிக்கு நானே தினம் சொல்கிற வார்த்தை. லாரி என்றதும் அதற்குச் சக்கரம் முளைத்துவிட்டது.

உடனே தம்பிக்குப் போன். ஆசாத்பூரில் ஏற்றிக்கொண்டிருக்கிறான். பெட்டி அடுக்கும் சத்தம், கூச்சல்.

"டேய், அவர் ஓடும்னு சொல்லலடா. சமாளிக்கும்னுதான் சொன்னார். நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

"வண்டிக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க்கா."

"ஒண்ணு இல்லடா."

"பாதி ஏத்தியாச்சுக்கா. இனி எறக்கவா முடியும்? நல்லாத்தான் இழுக்குது. நீ வெசனப்படாத."

நான் வெசனப்படாமல் யார் படுவது.

நவ. 11, செவ்வாய்

புகை கூடியிருக்கிறது. பள்ளி ஆன்லைனாம். ஷூ தப்பித்தது.

ஃபைல் எதுவும் ஓடவில்லை. லஞ்சில் சர்தார்ஜிக்குப் போன் செய்து, சல் ஜாயேகா என்றீர்களே, நன்றாக ஓடுமா, சும்மா சமாளிக்குமா என்று கேட்டேன். என் ஹிந்தியில் அது எப்படி விழுந்ததோ.

"தில்லி சே தோ நிகல் கயா நா?"

தில்லியை விட்டுப் போய்விட்டான்தானே! நிகல் கயா என்றேன். அச்சா என்று வைத்துவிட்டார். கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

ஆயில் வரும் குழாய் அடைத்திருந்தால் எந்த டர்போவும் போய்விடுமாம், இன்றுதான் படித்தேன். அதைச் சுத்தம் செய்தாரா? கேட்கத் தெரியவில்லை, கேட்கவில்லை. திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை.

தம்பி: ஆக்ரா. குவாலியர். சாயங்காலம் ஜான்சி, கட்டை விரல் படம். நல்லா போகுதாம்.

கடலை வறுத்தேன். தீய்ந்துவிட்டது.

நவ. 12, புதன்

லீவ் போட்டுவிட்டேன். வயிறு சரியில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

காலை: லலித்பூர். பிறகு சாகர். கேஸ் புக் செய்தாயிற்று.

மதியம் வாய்ஸ் மெசேஜ். முதலில் எஞ்சின் சத்தம் மட்டும். அதற்குள்ளே மெலிதாக ஒரு விசில், குக்கர் விசில் வருவதற்கு முன்னால் கேட்குமே, அது போல. அப்புறம் அவன் குரல்.

"அக்கா, இந்தச் சத்தம் காலைல இருந்து கேக்குது. முன்னாடி மலைப் பாதை இருக்குது. ஓரங்கட்டி நிக்கறேன். சர்தார்கிட்டப் போட்டுக் காட்டி, போலாமான்னு கேட்டுச் சொல்லு. நீ சொன்னாக் கெளம்பறேன்."

சர்தார்ஜி எடுத்துவிட்டார். மெசேஜை யாழினியின் போனுக்கு அனுப்பி, அதில் ஓடவிட்டு என் போனருகே பிடித்தேன். இன்னொரு தடவை என்றார். போட்டேன். அந்தப் பக்கம் பட்டறைச் சத்தம், யாரோ சுத்தியலால் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அதை நிறுத்தச் சொன்னார். மறுபடி கேட்டார். ஆயில் குழாய் சுத்தம் செய்தீர்களா என்றேன். செய்தேன் என்றார். ஒரு பெருமூச்சு.

"சல் ஜாயேகா."

அப்படியென்றால் என்ன என்று கேட்பதற்குள் சுத்தியல் மறுபடி ஆரம்பித்துவிட்டது. வைத்துவிட்டார்.

தம்பி கூப்பிடுகிறான். எடுத்துவிட்டேன்.

"என்னக்கா, என்னங்கறாரு?"