சிவப்பணுவில் ஊதாப் புள்ளி

திங்கள், 16 ஜூன்
புழுக்கம். லண்டன் நோர்தேர்ன் லைன் ரயிலில் மூச்சுவிட இடமில்லை. பிரேசிலிலிருந்து ஆய்வுகூடத்துக்கு இரத்தம் வந்திருக்கிறது. ஆற்றில் வாழும் கடற்பசு, மனாட்டி. குட்டி. தாய் வலையில் செத்துப்போனது. கண்ணாடித் தகட்டில் சாயம் போட்டுப் பார்த்தேன். சிவப்பணுக்களில் ஊதாப் புள்ளிகள். ஒட்டுண்ணியா?

மேலதிகாரி ஹெலன் நுணுக்குக்காட்டியில் குனிந்தவர் நிமிரவே இல்லை. இந்த விலங்கில் இதுவரை ஒருவரும் காணாததாக இருக்கலாம் என்றார். அப்படியென்றால் செப்டெம்பரில் முடியும் என் ஒப்பந்தம் நீளும். அதை அவர் சொல்லவில்லை. நான்தான் நினைத்தேன்.

செவ்வாய்
பிரேசிலிலிருந்து மின்னஞ்சல். ஆறு வற்றத் தொடங்கிவிட்டது. இரத்தம் சுத்தமென்றால் சனிக்கிழமை குட்டியை ஆற்றில் விடுவார்கள். இல்லாவிட்டால் அடுத்த வெள்ளம் வரை தொட்டிதான்.

டூட்டிங் தமிழ்க் கடையில் கத்தரிக்காய், வெங்காயம், பால். கடைக்கார அண்ணை: "தங்கச்சி, இன்னும் அந்தக் கடல் மாட்டோடதான் மாரடிக்கிறியளோ? பால் கறக்குமோ அது?"
"குட்டிக்குக் குடுக்கும் அண்ணை."
"அப்ப எங்களுக்கு லாபமில்லை."
சிரித்தேன். கால் நோவு.

புதன்
தேத்தண்ணியில் தேயிலைத் தூள். "தேத்தண்ணி வடியைக் காணேல்லையப்பா, வடிக்காம அப்பிடியே ஊத்தீட்டன்" என்றார் கணவர் சிவா. கடைசி வாய் நறநறவென்று. ரயிலில்தான் உறைத்தது. திங்கட்கிழமை சாயத்தை நான் வடிகட்டவில்லை.

நுணுக்குக்காட்டியின் குமிழை மெல்லத் திருப்பினேன். சிவப்பணு மங்குகிறது, புள்ளி தெளிகிறது. உள்ளே இல்லை, மேலே கிடக்கிறது. சாயத் தூள். வடித்து, மிச்சத் தகடுகளுக்குப் போட்டேன். மாலை வரை பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒரு புள்ளியாவது இருக்கட்டும் என்றுதான் தேடிக்கொண்டிருந்தேன். கண் எரிச்சல்.

வியாழன்
ஹெலனிடம் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம் இன்னொருவரிடம் காட்டிவிட்டு பிரேசிலுக்கு எழுதலாமே என்றார். அதற்குள் ஆற்றில் போதிய தண்ணீர் இருக்காது என்றேன். சரி, அனுப்பு என்றார். அனுப்பினேன். ஒட்டுண்ணி இல்லை.

வீட்டில் சிவா: "அப்ப உம்மட வேலை?"
"தெரியாது."
"சாப்பிட்டனீரோ?"
"இல்லை."
புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். உப்புக் கூடிவிட்டது. சொல்லவில்லை.

சனி
மழை. சின்ன வீடியோ ஒன்று வந்தது. பழுப்புத் தண்ணீர். நாலு பேர் குட்டியைத் தூக்கி இறக்குகிறார்கள். மூக்கு ஒருமுறை மேலே வந்தது. பிறகு தண்ணீர் மட்டும். திரும்பவும் போட்டுப் பார்த்தேன்.

வடி பிரிட்ஜுக்குப் பின்னால் கிடந்தது.