யார் வேணும்னாலும் காப்பி எடுத்துக்கங்க

இன்று காலை கடை திறந்ததும் முதல் ஆளாக ஒரு போட் டிரைவர் வந்தார். ஜெகதாப்பட்டினத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். டீசல் வாடை அடிக்கும் போனை என் மேசை மேல் வைத்து, "அண்ணே, கரையில பாடுது, கடலுக்குள்ள போனா பாட மாட்டேங்குது. என்னன்னு பாருங்க" என்றார். வாங்கிப் பார்த்தேன். ஒரு ஆப்பில் இருந்தது நம் பாட்டுதான். ஆனால் உன் படத்துக்குப் பதில் யாரோ வரைந்த ஒரு பாய்மரம். மேலே, இணைய இணைப்பு வேண்டும் என்று ஒரு வரி.

மாப்ள, எனக்கு அங்கேயே தலைக்கேறிவிட்டது. நீ கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது. போனவனைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் உன்னையும் சேர்த்துத்தான் திட்டப் போகிறேன்.

மணமேல்குடியில் இதே மொபைல் கடைக்குப் பின்னால் இருக்கிற அறையில், சன்னலுக்குப் போர்வை கட்டித்தான் அத்தனையும் பதிவு செய்தோம். சத்தம் வருமென்று ஃபேனை நிறுத்திவிடுவோம். நீ கீபோர்டு வாசித்துப் பாடுவாய், நான் வியர்வை வழிய லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பேன். இருபத்திமூன்று பாட்டு. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் மைக்கைப் பிடித்து நீ சொல்வாய்: "இது நம்ம பாட்டுங்க. யார் வேணும்னாலும் காப்பி எடுத்துக்கங்க. அடுத்த ஆளுக்கும் குடுங்க." அதை வெட்டிவிடலாமா என்று ஒருமுறை கேட்டேன். "அதுவும் பாட்டுதான்டா" என்று முறைத்தாய்.

அப்புறம் சென்னையிலிருந்து அந்த ஆப் நிறுவனத்து ஆள் வந்தார். "பாட்டெல்லாம் எங்க ஆப்ல மட்டும்தான் சார் இருக்கணும். மெமரி கார்டுல ஏத்திக் குடுக்குறத நிறுத்திருங்க" என்றார். நீ டீ டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாய்.

"கேக்குற ஆளுக கடல்ல இருக்காங்க சார். அங்க ஏது டவரு?"

"இப்படியே விட்டா திருட்டு காப்பி பெருகிரும் சார்."

"பாடுன நானே குடுக்குறேன். அப்பறம் அது எப்படிங்க திருட்டாகும்?"

அவர் டீயைக் குடித்துவிட்டுப் போனார். நான் உன்னிடம் கெஞ்சினேன், பாட்டின் உரிமையை உன் பேரில் பதிவாவது செய்து வை, காலம் கெட்டுக் கிடக்கிறது என்று. "பாட்டுக்குப் பட்டா வாங்கச் சொல்றியாடா?" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பின் மேல்தான் எனக்கு இன்றும் கோபம். கொடுக்கத் தெரிந்தவனுக்குக் காக்கவும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

நீ போன ஆறாம் மாதம், ஊரெல்லாம் சுற்றிய நம் பதிவுகளை எடுத்து அந்த நிறுவனத்தார் தங்கள் பேரில் ஆப்பில் ஏற்றிக்கொண்டார்கள். யாரையும் கேட்கவில்லை. நீ முதலில் பேசுவாயே, அதைத் துடைத்தாற்போல் வெட்டியிருந்தார்கள். பிறகு இணையத்தில் நான் போட்டு வைத்திருந்தவற்றை ஒவ்வொன்றாக நீக்கினார்கள். காரணம் கேட்டால், கலைஞரின் உரிமையைக் காப்பதற்காம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். நானும் விடாமல் எழுதினேன். பாடியவரின் ஒப்புதல் கடிதத்தை இணைக்கவும் என்று பதில் வந்தது. எங்கே போய் வாங்குவது, சுடுகாட்டிலா? கடிதம்தானே இல்லை, குரல் இருக்கிறதே என்று நீ காப்பி எடுக்கச் சொல்லும் துண்டை மட்டும் போட்டேன். அதையும் தூக்கிவிட்டார்கள். அதன் கடைசியில் நாலு விநாடி கீபோர்டு கேட்கிறதாம், அது அவர்கள் சொத்தாம். என் அறையில், என் லேப்டாப்பில் நான் பதிவு செய்தது.

டிரைவரிடம் இதில் பாதியைச் சொன்னேன். மீதியைச் சொன்னால் வாயில் நல்ல வார்த்தை வராது. அவருடைய பென்டிரைவை வாங்கி, நீ பேசுவதோடு சேர்த்து இருபத்திமூன்று பாட்டையும் ஏற்றிக் கொடுத்தேன். போட்டில் ஸ்பீக்கர் இருக்கிறது, சொருகினால் பாடும், எவன் தயவும் வேண்டாம்.

வாங்கியவர் தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, "யாருகிட்டயும் சொல்ல மாட்டேண்ணே. ஒங்களுக்குப் பிரச்சன வந்துரக் கூடாது" என்று சொல்லிவிட்டு அதை டவுசர் பைக்குள் ஆழமாகச் செருகினார். என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார், நல்ல மனிதர். ஆனால் பத்து வருடமாக உன் பாட்டைக் கேட்கிறவர், ஏதோ களவாடிய பொருளைப் போல அதை ஒளித்துக்கொண்டு படி இறங்குகிறார். அவர்கள் பாட்டைப் பூட்டியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கேட்கிறவனைத் திருடனாக்கி வைத்திருக்கிறார்களே, அதைப் பொறுக்க முடியவில்லை.

"தம்பி, இங்கிட்டு வாங்க" என்று கத்தினேன். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அதை வெளிய எடுங்க. பாடுனவன் ஒங்களுக்குன்னு குடுத்தது அது. யாரு கேட்டாலும் என் கடைப் பேரச் சொல்லுங்க. கையில பிடிச்சுக்கிட்டே போங்க."

அவர் மிரண்டுபோய் எடுத்தார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவர் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன், கையில்தான் வைத்திருந்தார்.

நோட்டீஸ் வரட்டும். நீ எல்லாவற்றுக்கும் சிரித்தே பழகியவன். உனக்கும் சேர்த்துக் கோபப்பட ஒருவன் வேண்டும், நான் இருக்கிறேன்.