சமையற்கட்டின் பின்கதவு

இன்று காலை உருளைக்கிழங்கு வந்த கோணிச்சாக்கு மழைச்சாரலில் நனைந்துவிட்டது. அதன் வாடை சமையற்கட்டு முழுக்கப் பரவியது. தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் கை நின்றுபோனது. இங்கே தாளிப்பு வாடை, புளி வாடை, வேர்வை வாடை எல்லாம் எந்நேரமும் உண்டு. ஈரச் சாக்கின் வாடை மட்டும் உன்னுடையது.

ஜங்ஷன் பக்கத்து இந்த ஓட்டலில் நாம் இரண்டு பேரும் ஒன்பது வருஷம் பகல் சாப்பாடு ஆக்கினோம். நான் சேரன்மகாதேவியிலிருந்தும் நீ ஆழ்வார்குறிச்சியிலிருந்தும் முதல் பஸ்ஸில் வருவோம். உள்ளே நுழைந்தால் மூன்று மணிக்கு மேல்தான் வெயிலைப் பார்ப்பது. ஜன்னல் கிடையாது. பின்பக்கச் சந்துக்குப் போக ஒரு இரும்புக் கதவு இருந்தது. ஒருமுறை எண்ணெய் டின் ஒன்று அந்த வழியாகக் காணாமல் போனது. அன்றிலிருந்து முதலாளி அண்ணாச்சி அதை வெளிப்புறமாகப் பூட்டிவிட்டார். சாவி கல்லாவில் கிடக்கும். நாம் வெளியே போக வேண்டுமென்றால் அடுப்புகளைத் தாண்டி, ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய நடை வழியாகத்தான் போக வேண்டும்.

"உலையில நம்மளையும் சேத்துப் போட்டு மூடிட்டாரு, ஏளா" என்பாய். சிரிப்போம். சிரித்துவிட்டு சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிவோம்.

அந்த ஆடி மாதம், சாம்பார் இறக்கும் நேரத்தில், நடைக்குப் பக்கத்து அடுப்பின் கேஸ் குழாய் கழன்று தீப்பிடித்தது. தீக்கு இந்தப் பக்கம் நாம், வழி அந்தப் பக்கம். நான் ஓடிப்போய் இரும்புக் கதவைத் தட்டினேன். உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டினேன். சந்தில் யாரோ செருப்புத் தேய நடந்துபோவது கேட்டது. கதவு அசையவில்லை.

நீ கதவுப் பக்கம் திரும்பவே இல்லை. சாக்கிலிருந்த கிழங்கைத் தரையில் கொட்டினாய். சாக்கை அரிசி களைந்த தண்ணீரில் முக்கித் தீயின்மேல் போட்டு, அப்படியே குனிந்து சிலிண்டரை அடைத்தாய். அண்ணாச்சி சாவியோடு ஓடி வந்தபோது உன் முழங்கை வரைக்கும் தோல் வழன்றிருந்தது.

நாலாம் நாள் கைக்கட்டோடு வந்து கல்லாவுக்கு முன்னால் நின்றாய்.

"பின்கதவத் தொறந்து போடுங்க, அண்ணாச்சி. அப்பந்தான் அடுப்பப் பத்தவைப்போம்."

'வைப்போம்' என்றாய். என்னிடம் நீ முன்கூட்டிக் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்திருப்பாய்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "நீ என்ன சொல்லுத?"

என் வீட்டுக்காரர் அப்போது கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடந்தார். அது உனக்கும் தெரியும். நான் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன். மூன்று தீக்குச்சி அணைந்து நாலாவதுதான் பிடித்தது. திரும்பிப் பார்த்தபோது நீ இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. ஒரு வாரம் தனியாளாக ஆக்கினேன். நீ ஏன் வேலையை விட்டு நின்றாய் என்ற பேச்சு பரவி, வேறு எந்தப் பெண்ணும் உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டாள். எட்டாம் நாள் அண்ணாச்சி வந்து பூட்டைக் கழற்றிக்கொண்டு போனார். சந்துக் காற்று உள்ளே வந்தது.

உடனே உன்னிடம் வந்து சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை கிளம்பினேன். இரண்டு தடவையும் அம்பாசமுத்திரத்திலேயே இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவது? திறந்த அந்தக் கதவு வழியே நான் ஒருநாளும் வெளியேறிப் போனதும் இல்லை. வீட்டில் மாத்திரைக்குக் காத்துக்கிடக்கும் மனிதர் இருக்கும்போது, என்னை உள்ளே வைக்கப் பூட்டே தேவைப்படவில்லை.

நீ போய்ச்சேர்ந்த சேதி வந்ததும் பந்தி நேரத்தில்தான். கதவு திறந்திருந்தது. ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தது. கடைசி இலை எடுத்த பிறகே கிளம்பினேன். உன் வீட்டுக்கு வந்தபோது உன்னை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வாசல் கழுவியாகிவிட்டது.

உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வருவீகன்னு எங்கம்ம சொல்லிக்கிட்டே கெடந்தா, சித்தி. ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னா. நீங்க நிக்க எடத்துல அந்தக் கதவு இப்பம் தொறந்து கெடக்கான்னு."

நாலு வருஷம் உன் கோபத்துக்குப் பயந்து நான் ஒளிந்திருந்தேன். அங்கே நீ என் கதவை நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாய்.

"தொறந்து கெடக்கு, தாயி. ஒங்கம்ம வெளிய வந்த எட்டாம் நாளே தொறந்தாச்சு" என்றேன். அவள் தலையாட்டினாள்.

அவளுக்குச் சொல்லிவிட்டேன். உனக்குச் சொல்லியிருக்க வேண்டிய அதே வரியை உன்னிடம் மட்டும் சொல்லவே இல்லை.