இடமிருந்து வலம்

மார்ச் 4, செவ்வாய்

கைனேஸ் புரதம் வந்துவிட்டது. டிரை ஐஸ் நிரம்பிய அவ்வளவு பெரிய பெட்டிக்குள் கடுகளவு திரவத்தோடு ஒரு புட்டி. யானை விலை. "பக்கத்துல நின்னு தும்மிடாதம்மா" என்றார் மேடம், எங்கள் ஆய்வகத்துப் பேராசிரியை. உடனே சின்னச் சின்னக் குழாய்களாகப் பிரித்து ஃப்ரீசரில் வைத்தேன். ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்கினால் புரதம் செத்துப்போகும்.

அக்கா போனில், "புரோட்டீன்னா பால்ல கலந்து குடிப்பாங்களே, அதாடி?" என்றாள். செல் ரெண்டாப் பிரியறதுக்கு உத்தரவு போடுற புரதம்க்கா, புற்றுநோயில உத்தரவை நிறுத்தவே மாட்டேங்குது, என் புருஷன் செஞ்ச மருந்து அது வாயை அடைக்குது என்றேன். "உன் வாயை அடைக்க எதுவும் செய்யலையா அவரு?" என்றாள். கொழுப்பு.

மார்ச் 7, வெள்ளி

வரைபடத்தில் மறுபடியும் அதே அழகான சரிவு. சோதனைத் தட்டின் இடது ஓரக் குழியில் மருந்தே இல்லை, கைனேஸ் துள்ளுகிறது. வலது பக்கம் போகப்போக மருந்து கூடுகிறது, கைனேஸ் அடங்குகிறது.

அடுத்த வெள்ளி என் கணவனுக்கு நேர்முகத் தேர்வு. இத்தனை வருட ஒப்பந்தப் பிழைப்புக்குப் பிறகு ஒரு நிரந்தர வேலை. இந்தச் சரிவுதான் அவனுடைய துருப்புச் சீட்டு. படத்தைக் காட்டியதும் சமையலறையில் கரண்டியோடு ஆடினான், கிறுக்கன்.

மார்ச் 10, திங்கள்

எரிச்சல். முதல் வரிசை முடிந்தது. இரண்டாம் வரிசைக்குக் கைனேஸை நீர்க்கக் கலந்து ஐஸில் வைத்த நேரம் பார்த்து அக்கா போன். மாமாவோடு சண்டையாம், ஒரே அழுகை. சமாதானம் சொல்லி முடித்துவிட்டு வந்து குழிகளில் விட்டேன். அந்த வரிசை முழுக்கப் படுத்துவிட்டது. மருந்து இருக்கிற குழிகள் படுத்தது சரி. மருந்தே இல்லாத முதல் குழியும்கூட—

ஏன்?

மார்ச் 11, செவ்வாய்

பல் தேய்க்கும்போது பொறி தட்டியது. நீர்த்த கைனேஸ் ஐஸில் இருந்தாலும் நேரம் ஆக ஆகச் சோர்ந்துபோகும். நான் எப்போதும் இடமிருந்து வலமாகத்தான் விடுகிறேன். வலது ஓரம் போய்ச் சேரும்போது அது தானாகவே சோர்ந்திருக்கும். மருந்தும் அங்கேதான் அதிகம். அப்படியானால் அதை அடக்கியது அவன் மருந்தா, என் பழக்கமா?

மேடத்திடம் சொன்னேன். "இன்னும் ஒரு குழாய்தான் இருக்கு. வலது பக்கத்துல இருந்து விட்டுப் பாரு. மருந்து நெஜம்னா சரிவு அப்படியே இருக்கும். ஆனா ஒண்ணு, பாத்துட்டா அப்புறம் பாக்காத மாதிரி இருக்க முடியாது."

வீட்டில் அவன் வெள்ளிக்கிழமைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

மார்ச் 12, புதன்

போனை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். வலமிருந்து இடமாக விட்டேன்.

எல்லாம் தலைகீழ். மருந்து நிரம்பிய குழியில் கைனேஸ் ஜாம் ஜாமென்று வேலை பார்க்கிறது. மருந்தே இல்லாத குழி சுருண்டு கிடக்கிறது.

அவன் மருந்து ஒன்றும் செய்யவில்லை. ஒன்றுமே.

ஐயோ, இதை எப்படிடி அவன்கிட்ட சொல்லுவ?

மார்ச் 13, வியாழன்

சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்து சொன்னேன். இரண்டு படங்களையும் அனுப்பினேன். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இத்தன நாளா எங்க போச்சு இந்தப் புத்தி? நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் அங்க நிக்கறது?"

"அதுக்காக தப்பான படத்தைக் காட்டுவியா?"

"தப்புன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உனக்குத் தெரியுமேடா."

கதவைச் சாத்திக்கொண்டான். தப்பு என் கை செய்தது, தண்டனை அவனுக்கு. அக்காவின் போனை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

மார்ச் 14, வெள்ளி

"வரேன்" என்றுகூடச் சொல்லாமல் போனான். திரும்பி வந்ததும் சட்டையைக் கழற்றி நாற்காலியில் எறிந்துவிட்டுப் படுத்துக்கொண்டான். எந்தப் படத்தைக் காட்டினான்? சட்டையை எடுத்து மாட்டிவைத்தேன்.

மார்ச் 17, திங்கள்

மேடம் சொல்லித்தான் தெரிந்தது. தேர்வுக் குழுவில் அவருக்குத் தெரிந்தவர் இருந்தாராம். "ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல போட்டுக் காட்டினானாம். 'போன வாரம் வரைக்கும் இது மருந்து, இப்ப இல்ல'ன்னு அவனே சொன்னானாம்."

கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 25, செவ்வாய்

வேலை வேறொருவருக்கு.

ஜூன் 10, செவ்வாய்

புது கைனேஸ் வந்தது. ஐஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவனே வந்து நின்றான். புதிதாக ஒரு மருந்து செய்திருக்கிறான். எந்தக் குழியில் எவ்வளவு போட்டிருக்கிறான் என்று சொல்ல மாட்டானாம். குழி எண்களைச் சீட்டில் எழுதி, மடித்து, ஒரு காலி டப்பாவில் போட்டுக் குலுக்கினான்.

"வர்ற வரிசையில விடு. இடமும் வேணாம், வலமும் வேணாம்."

"என் மேல அவ்வளவு நம்பிக்கை?"

"உன் மேல இருக்கு. உன் கை மேலதான் இல்ல."

எத்தனை நாள் ஆயிற்று இவன் என்னைக் கிண்டல் செய்து!

பாதியில் என் போன் அடித்தது. அவன் எடுத்தான். "இல்லக்கா, இப்ப குடுக்க முடியாது... சேச்சே, சண்டையெல்லாம் இல்லக்கா. பக்கத்துலதான் நிக்கறேன்."

நான் அடுத்த சீட்டைப் பிரித்தேன்.