பாதி மங்கி டாப்

டிச. 6, சனி
குளிர். தூறல் காலைலதான் விட்டுது. கிறிஸ்துமஸ் ஸ்டார் மாட்ட ஏணி போட்டேன். வாசலுக்கு மேல முக்கோண மர முகப்பா நிக்கிற மங்கி டாப்ல ஆணி வெச்சா, அடிக்கவே வேணாம், கட்டை விரலால தள்ளினா உள்ள போகுது. வெளிய பச்சை பெயிண்ட் பளபளன்னு. உள்ள டீயில ஊறின ரஸ்க்.

ஸ்டார் மாட்டல.

ஒரே மங்கி டாப், கீழ ரெண்டு வாசல். இடது என்னுது, வலது தம்பி அருளோடது. அப்பா போனப்புறம் வீட்டுக்கு நடுவுல சுவர் எழுப்பினோம். மேல மரத்தை யாரும் தொடல.

இப்ப புரியுது, நம்ம அருள் துரை ஏன் ரீட்டா அக்காவுக்கு போன் மேல போன். "மரமெல்லாம் உளுத்துப்போச்சுக்கா, யார் தலைலயாவது விழும், பில்டருக்குக் குடுத்துடலாம்." எங்க மூணு பேர்ல ரெண்டு பேர் சொல்றதுதான் முடிவுன்னு பேச்சு. நான் குடுக்க மாட்டேன், அவன் குடுக்கணும்ங்கிறான். அக்கா எந்தப் பக்கமோ வீடு அந்தப் பக்கம். 20ஆம் தேதி சென்னைலருந்து வர்றா. அதுக்குள்ள மரத்தைச் சரி பண்ணியாகணும்.

டிச. 7, ஞாயிறு
பூசை முடிஞ்சு மறுபடி ஏணி. ஸ்க்ரூடிரைவரால குத்திப் பார்த்தேன். மேல் சட்டம் கெட்டி. ஓரப் பலகை ரெண்டு பக்கமும் பொதபொதன்னு. சுரண்டினா பச்சை, அதுக்குக் கீழ பச்சை, அதுக்கும் கீழ க்ரீம். வருஷா வருஷம் பண்டிகைக்குப் பழசைச் சுரண்டாம மேல மேல அடிச்சது. புதுசாத் தெரியணும், அவ்வளவுதான். உள்ள போன ஈரத்துக்கு வெளிய வர வழி இல்ல. இந்த ரோட்டுல எல்லா வீட்டுலயும் இதே லட்சணம்தான்.

சரி, ஈரம் எங்கேருந்து? அருள் மோட்டார் போட்டான். போட்டுட்டு மறந்தான். டேங்க் நிரம்பி ஓவர்ஃப்ளோ குழாய்லருந்து கொட்டுது. குழாய் வாய் என் பக்கம். என் பக்கமாப் பார்த்துத் திருப்பி வெச்சிருக்கான் ராஸ்கல். என் தலைமேல கொட்டி, பலகை வழியா அவன் பக்கமும் ஓடி, ரெண்டும் போச்சு.

அவனே ஊத்தி உளுக்க வெப்பானாம், அவனே அக்காகிட்ட உளுத்துப்போச்சும்பானாம். விட மாட்டேன்.

டிச. 9, செவ்வாய்
ஸ்கூல்ல பரிட்சை டூட்டி. கால் வலி. வந்ததும், அவன் இல்லாத நேரம், குழாயைத் திருப்பினேன். இப்ப வாய் அவன் வாசலுக்கு.

டிச. 10, புதன்
காலைல தம்பி பெண்டாட்டி ஷீலா குரல்: "ஏங்க, நம்ம ஸ்டார் நனைஞ்சு கிழிஞ்சு தொங்குதுங்க." காபி இவ்வளவு ருசியா இருந்து எத்தனை நாளாச்சு.

சாயங்காலம் குழாய் மறுபடி என் பக்கம்.

டிச. 13, சனி
கார்பென்டர் பாஷா பாய் வந்தார். "மேடம், இந்த முனைலருந்து அந்த முனை வரைக்கும் ஒரே பலகை. முழுசா மாத்திடலாம்."
"பாதி போதும்."
"அந்தப் பாதி?"
"அது என் வீடு இல்ல."
தலையைச் சொறிஞ்சார். "அண்ணன் தம்பிங்க இப்படிப் பண்ணிப் பார்த்திருக்கேன். அக்கா தம்பி இப்பதான் பார்க்குறேன்."

அக்கா ஆட்டோலருந்து இறங்கும்போதே தெரியணும். ஒரு பக்கம் தேக்கு, ஒரு பக்கம் சொத்தை. யார் காப்பாத்துறா, யார் கெடுக்குறான்னு நான் வாயே திறக்க வேணாம்.

வாங்கணும்: ப்ரைமர், உப்புத்தாள், ஸ்க்ரூ (ஆணி வேணாம்), தகடு, கோதுமை மாவு.

டிச. 14, ஞாயிறு
சிவாஜிநகர் பழைய மரக் கடைல தேக்குப் பலகை. யார் பங்களாவை இடிச்சதோ. பாஷா பாய் உளுத்ததைக் கெட்டி மரம் வர்ற வரைக்கும் வெட்டி எடுத்தார். நடுச் சுவருக்கு நேரா ரம்பம் போட்டு அறுத்தார். அறுத்த முனைக்கெல்லாம் ப்ரைமர். மேல தகடு. தகட்டைக் கொஞ்சம் அவன் பக்கம் சாய்ச்சு வெக்கச் சொன்னேன். வெச்சார்.

அருள் கேட் கிட்ட நின்னு பார்த்தான். "என் பக்கம் விட்டுட்டியாக்கா?"
"உனக்குத்தான் இடிக்கணுமே."
உள்ள போயிட்டான். முகம் சுண்டிப்போச்சு. நல்லா வேணும்.

டிச. 17, புதன்
ரெண்டாவது கோட் பெயிண்ட். பேப்பர் திருத்தணும், இன்னும் ஒரு கட்டு. ரோட்டுல போறவங்க எல்லாம் நின்னு மேல பார்க்குறாங்க. பார்க்கட்டும்.

டிச. 20, சனி
அக்கா வந்தா. பையோட ரோட்டுலயே நின்னு மேல பார்த்தா. நான் சிரிப்பை அடக்கிக்கிட்டு நின்னேன். அருளும் வந்தான்.

"நடுவுல அறுத்தது யாரு?"
"நான்தான்க்கா. என் பக்கம் பாரு, தேக்கு."
"ஆள் இருந்துச்சு, ஏணி இருந்துச்சு. இன்னொரு பாதியும் போட்டா கை தேஞ்சிடுமா?"

குழாயைக் காட்டினேன். டேங்க்கைக் காட்டினேன். ஒண்ணு விடாம சொன்னேன். அக்கா நம்பினா. நடு ரோட்டுல வெச்சு அவனைக் கிழிச்சா. தலை குனிஞ்சு நின்னான். எனக்கு நெஞ்சு குளிர்ந்துச்சு.

அப்புறம் பையைத் தூக்கிக்கிட்டுச் சொன்னா: "அவன் தண்ணி ஊத்தினான், நீ ரம்பம் வெச்ச. இதுல நான் எதைக் காப்பாத்துறது? பில்டருக்கே குடுத்துடுங்க."

டிச. 21, ஞாயிறு
பூசைக்குப் போகல. அழுதேன். பேச்சுன்னா பேச்சு, ரெண்டு பேர் சொல்லியாச்சு. அந்தப் பக்கம் அவன் விசில் அடிக்கிறான். ஷீலா ஒரு தட்டு குல்குல் பலகாரம் குடுத்தனுப்பினா. அப்படியே திருப்பி அனுப்பிட்டேன்.

மதியம் பில்டரோட ஆள் வந்து ப்ளானை விரிச்சான். மூணு மாடி. அருள் முந்திக்கிட்டு முதல் மாடி கேட்டான். "மேடம், உங்க முட்டிக்கு கிரவுண்ட் ஃப்ளோர்தான் நல்லது"ன்னான் அந்த ஆள்.

எனக்கு ஒரே கண்டிஷன்னேன், மத்ததெல்லாம் உங்க இஷ்டம். அருள் ஃப்ளாட்டுக்கு நேர் மேல எனக்கு.

"ஏண்டி அவ்வளவு உயரம்?"ன்னா அக்கா.

வெளிச்சம் வரும்னேன்.